லிபோரியோ கடை மாவு

அத்தியாயம் 9

கணவனை வீட்டை விட்டு அனுப்பி முப்பது நாள் ஆகியிருந்தது. தான் நாள் எண்ணவில்லை என்று மகளிடம் சாதித்தாள் எர்சிலியா. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் மணிக்கணக்கோடு சொல்லியிருப்பாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கணவன் சபாத்தினோ மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கலாம் என்று நேப்பிள்ஸ் படகுத்துறைக்குப் போனாள். அங்கே ஆரம்பித்தது எல்லாம். இருபத்தொன்பது வருஷமாக அவன் உட்கார்ந்து தீவுப் படகுகளுக்குச் சீட்டுக் கொடுத்த ஜன்னலில் ஓர் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் கவுன்டர்க்காரர் பாவம், நல்ல மனுஷர். "சபாத்தினோவா? அவரை அனுப்பிப் பதினோரு மாசம் ஆச்சே, சிஞ்ஞோரா. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பதினோரு மாதம்! அத்தனை நாளும் காலை ஏழரைக்குச் சீருடைச் சட்டை போட்டு, அவள் கட்டிக் கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய், மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்த மனுஷன். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "சும்மா நடந்தேன்" என்றான். மாதம் பிறந்தால் சம்பளமும் கொண்டுவந்தானே, எந்தத் தெருவில் நடந்தால் சம்பளம் கொடுக்கிறார்கள்? சீட்டாட்டமா, வேறொருத்தியா, இரண்டுமா? எதைக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே அவனுடைய பெட்டி படிக்கட்டில் நின்றது. பொட்சுவோலியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை மகள் லொரெதானா ஒரு செய்தியோடு வந்தாள்.

"அம்மா, அப்பா ஜெர்மனிக்குப் போறாரு. ஞாயித்துக்கிழமை மதியம் பஸ். ஸ்டுட்கார்ட்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கடை வெச்சிருக்காராம். அங்க வேலை."

"அம்பத்தெட்டு வயசுல அங்க போய் என்ன பண்ணப் போறான்? பனி அள்ளிப் போடுவானா?"

"அதை அவர்கிட்டயே கேளு. நீ போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா போகமாட்டாரு. போன்னு சொன்னா போயிடுவாரு. எதுவா இருந்தாலும் சனிக்கிழமை அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடு. லிபோரியோ கடையில, ஒரு மணிக்கு. நான் சொல்லி வெச்சிட்டேன்."

வீட்டுக்கு வர அவனுக்கு அனுமதி இல்லை. நாத்தனார் வீட்டுக்குப் போக அவளுக்கு மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் லிபோரியோவின் பீட்சா கடை. இருபது வருஷமாகச் சனிக்கிழமை மதியம் அவர்கள் சாப்பிட்ட இடம் அதுதான். அவனை அனுப்பிய பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

போ என்று சொல்வதாகத்தான் முடிவு. சனிக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது.

* * *

லிபோரியோ கடையில் மொத்தம் ஏழு மேஜை. விலைப்பட்டியல் என்று ஒன்று உண்டு, அது வெளியூர்க்காரர்களுக்கு. அந்தப் பேட்டைக்காரர்கள் உள்ளே நுழைந்தால், அடுப்பு முன்னால் நிற்கும் லிபோரியோ ஒரு பார்வை பார்ப்பார். கோட்டைக் கழற்றி உட்காருவதற்குள் யாருக்கு எதுவோ அது அடுப்புக்குள் போய்விடும். எர்சிலியாவுக்கு மரினாரா பீட்சா, பூண்டு தூக்கலாக. சபாத்தினோவுக்கு மார்கெரிட்டா, ஓரம் நன்றாகக் கருகி. வாயைத் திறந்து இது வேண்டும் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். தான் மறந்துவிட்டதாக நினைக்கிறார்களா என்று கேட்பார்.

அன்று அவர் பார்வையே சரியில்லை. எர்சிலியா வணக்கம் சொன்னபோது, தோல் பட்டை கட்டிய வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அடுப்பைப் பார்த்துப் பதில் சொன்னார். புருஷனைத் துரத்தியவள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது, நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுவரோர மேஜையில் தோன்னா க்ளோத்தில்தே இருந்தாள். பேட்டையே மரியாதையாகத் தோன்னா என்று கூப்பிடும் நோட்டரியின் விதவை. தொப்பியைக் கழற்றாமல் பீட்சாவைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிச் சாப்பிடுகிறவள். அவளிடம் கொஞ்சமும் தாழ்ந்துவிடக் கூடாது என்று எர்சிலியா முப்பது வருஷமாக முதுகை நிமிர்த்தியே நடந்திருக்கிறாள். நோட்டரி இல்லாவிட்டால் போகிறது, என் புருஷனும் சீருடை போடுகிறவன்தான் என்று. இன்றைக்குப் பார்த்தா இவள் இங்கே வரவேண்டும்!

சபாத்தினோ உள்ளே வந்தான். இளைத்திருந்தான். அக்கா பின்னிய நீல ஸ்வெட்டர் தோளில் தொங்கியது. வாசலில் நின்று கடையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லா இருக்கியா?" என்றான்.

"இருக்கேன். உக்காரு. நின்னா எல்லாரும் பாக்கறாங்க."

அவன் பின்னாலேயே வந்த லொரெதானா உட்காரவில்லை. "எனக்கு மருந்துக்கடையில ரெண்டு மணி வரைக்கும் ஆள் இல்ல. போயிட்டு வரேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குத்திக்கணும்னா முள்கரண்டியால குத்திக்கோங்க. கத்தி வேண்டாம். நான்தான் தையல் போட ஓடணும்." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

இரண்டு நிமிஷத்தில் இரண்டு தட்டும் வந்தன. இரண்டு பேரும் கத்தியை எடுத்தார்கள். அடுப்பிலிருந்து வந்த பீட்சாவை ஆறவிட்டுச் சண்டை போடுவது அந்த ஊரில் நடக்காத காரியம். எத்தனை பெரிய சண்டையானாலும் தட்டு காலியாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

எர்சிலியா ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். மென்றாள். இன்னும் மென்றாள்.

போ என்று சொல்ல வைத்திருந்த வார்த்தை எங்கேயோ போய்விட்டது. மாவு சரியில்லை. கனத்துப் போய், பல்லோடு மல்லுக்கட்டியது. போன மாதம்வரை வாயில் வைத்தால் கரைந்த ஓரம் இது. வேறு ஊரில் பிறந்தவளாக இருந்தால் இன்றைக்கு இருக்கிற நிலைமையில் இதையெல்லாம் கவனித்திருக்க மாட்டாள். கவனித்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். எர்சிலியா அந்தப் பேட்டையில் பிறந்தவள்.

"தோன் லிபோரியோ!"

பேருக்கு முன்னால் தோன் என்ற மரியாதை இருந்தது, குரலில் இல்லை. கடையே திரும்பியது.

"விடு எர்சி," என்றான் சபாத்தினோ மெதுவாக. "நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கா? உன் நாக்கையும் வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?" என்றவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். "மாவுக்கு என்ன ஆச்சு, தோன் லிபோரியோ? ஒரு வருஷமா உங்க மாவு அப்படி இருந்துச்சு. ஈஸ்டர் சமயத்துல உங்க கையைப் புடிச்சுச் சொன்னேனா இல்லையா? இருபது வருஷத்துல இப்படி ஒரு மாவு நீங்க பிசைஞ்சதில்லன்னு? இப்ப இது என்ன, செருப்புத் தோலா?"

லிபோரியோவின் முகம் சிவந்தது. அடுப்புச் சூட்டில் எப்போதும் சிவந்திருக்கும் முகம்தான், ஆனால் இது வேறு சிவப்பு. பீட்சாவை அடுப்புக்குள் தள்ளும் நீளப் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்தபடி மேஜைக்கு வந்தார்.

"சபாத்தினோ, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"லிபோரியோ, வாயை மூடு."

"மூட முடியாது. பதினோரு மாசம் மூடினது போதும். இவங்க வாராவாரம் என் கையைப் புடிச்சுப் பாராட்டறாங்க, நான் இளிச்சுக்கிட்டு நிக்கறேன். சர்ச்சுல பாவ சங்கீர்த்தனம் பண்றப்ப சாமியார்கிட்ட சொன்னேன். அவரே சிரிக்கறாரு." அவர் எர்சிலியா பக்கம் திரும்பினார். "அது என் கை இல்ல, தோன்னா எர்சிலியா. போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தேன்ல? மணிக்கட்டு அன்னிக்கே போச்சு. அதுலேர்ந்து போன மாசம் வரைக்கும் இந்தக் கடையில மாவு பிசைஞ்சது உங்க வீட்டுக்காரர். காலையில பின்வாசல் வழியா வருவாரு. பிசைவாரு, மூடி வெப்பாரு, உருண்டை புடிப்பாரு. உங்க ரொட்டியை மாவு மூட்டை மேல உக்காந்து சாப்பிடுவாரு. மாசம் பிறந்தா என்கிட்ட சம்பளம் வாங்கிப்பாரு. சாயங்காலம் மறுநாள் மாவைப் பிசைஞ்சு வெச்சிட்டுக் கிளம்புவாரு. நீங்க அவரை அனுப்பினதுலேர்ந்து இந்தப் பக்கம் வர மாட்டேங்கறாரு. நானே இடது கையால பிசையறேன். அதான் செருப்புத் தோல்."

சீட்டாட்டமும் இல்லை, இன்னொருத்தியும் இல்லை. எர்சிலியாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

லிபோரியோ கூரையைப் பார்த்தார். "சமையல்கட்டுல எல்லாருக்கும். பேப்பர் கடைக்காரருக்கு. விறகு போடறவருக்கு…"

"எனக்கும் தெரியும், எர்சிலியா," என்றது சுவரோரத்துக் குரல். க்ளோத்தில்தே கத்தியைக் கீழே வைத்திருந்தாள். அவள் குரலில் ஏளனம் எதுவும் இல்லை. "பின்வாசல் என் ஜன்னலுக்கு நேர் கீழதானே இருக்கு. தினம் காலையில எனக்கு வணக்கம் சொல்லுவாரு."

ஏளனமாகச் சொல்லியிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். எந்த வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று மாடிக்கு மாடி தெரிந்த பேட்டையில், அவள் ஒருத்திக்கு மட்டும் தன் வீட்டு விஷயம் தெரியவில்லை. க்ளோத்தில்தே முன்னால் அழுதுவிடக் கூடாது என்று எர்சிலியா முதுகை இன்னும் நிமிர்த்தினாள்.

லிபோரியோ நல்ல வேளையாக அடுப்புக்குத் திரும்பிப் போனார். எல்லோரும் தங்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். காது மட்டும் இங்கேதான் இருந்தது.

"சட்டை," என்றாள் எர்சிலியா.

"என்ன சட்டை?"

"பதினோரு மாசம் உன் சீருடைச் சட்டைக்குக் கஞ்சி போட்டேன். காலர் நிக்கலைன்னா மறுபடி நனைச்சு மறுபடி தேச்சேன். ஜூலை மாசத்துல, அந்தப் புழுக்கத்துல, இஸ்திரிப் பெட்டி முன்னாடி நின்னேன். மாவு பிசையறதுக்கு எதுக்குடா கஞ்சி போட்ட சட்டை?"

"உள்ளே வந்ததும் கழட்டி ஆணியில மாட்டிடுவேன்," என்றான் அவன். அதுதான் தன் பக்க நியாயம் என்பதுபோல, அவசரமாக. "அதுல ஒரு நாள்கூட மாவு படவிட்டதில்ல, எர்சி."

சிரிப்பதா, தட்டை எடுத்து அவன் மேல் கவிழ்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"திருடலை, குடிக்கலை, மாவுதானே பிசைஞ்சே? அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? ஏன் சொல்லலை?"

அவன் தட்டோரத்தில் கிடந்த கருகிய துண்டை விரலால் நகர்த்தினான்.

"போன வருஷம் மாதா திருநாள் விருந்து ஞாபகம் இருக்கா? உன் தங்கச்சி வீட்டுல."

"இருக்கு. அதுக்கென்ன?"

"அவ வீட்டுக்காரன் ரொக்கோவுக்கு பாங்கு வேலை போயி, வாசல் காவலுக்கு உக்காந்திருக்கானேன்னு பேச்சு வந்துச்சு. நீ ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தே. நானா இருந்தா தெருவுல தலை காட்டமாட்டேன்னு சொன்னே. அவன் பக்கத்து அறையில இருந்தான். அவனுக்குக் கேட்டுச்சு. அது டிசம்பர் எட்டாம் தேதி. பதினொண்ணாம் தேதி எனக்கு வேலை போச்சுன்னு கடிதாசி வந்துச்சு."

எர்சிலியாவுக்கு ஆரஞ்சு ஞாபகம் வந்தது. சொன்னதும் ஞாபகம் வந்தது. அன்று எல்லோரும் சிரித்ததும், தான் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்று உள்ளுக்குள் குளிர்ந்ததும்கூட ஞாபகம் வந்தது. இவன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

"கொஞ்ச நாள்ல வேற சீருடை வேலை கிடைச்சிடும், அப்ப சொல்லிக்கலாம்னு நினைச்சேன்," என்றான். "கிடைக்கலை. லிபோரியோ கையை உடைச்சுக்கிட்டான். ஒரு வாரம் ஒத்தாசை பண்ணலாம்னு வந்தேன். அப்புறம்…"

"அப்புறம்?"

"இதைச் சொன்னா இன்னும் கோவிச்சுப்பே."

"இனிமே கோவிச்சுக்க என்ன மிச்சம் இருக்கு? சொல்லு."

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, எர்சி."

அவள் எதை எதையோ எதிர்பார்த்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை.

"இருபத்தொன்பது வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்தேன். படகு லேட்டுன்னா என்னைத் திட்டுவாங்க. சரியா வந்தா என் மூஞ்சியைக்கூடப் பாக்காம ஓடுவாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல. இங்க மாவு என் கை சொன்னபடி கேக்கும். ஈரம் கூடினாத் தெரியும், குளிர் வந்தாத் தெரியும். சனிக்கிழமையானா நீ முதல் துண்டை வாயில போட்டுக்கிட்டு லிபோரியோ கையைப் புடிச்சுப்பே. நான் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். அந்த வாரம் பூரா அது போதும் எனக்கு."

அந்தச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக எர்சிலியாவின் கண் முன்னால் வந்தன. குனிந்த தலையோடு மென்றுகொண்டிருப்பான். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். நான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன், இவன் எந்த உலகத்தில் இருக்கிறான் என்று எரிச்சல்பட்டிருக்கிறாள். மேஜைக்கு அடியில் காலால் உதைத்துக்கூட இருக்கிறாள்.

வலித்தது. அவள் இல்லாத ஓர் இடத்தில் அவன் சந்தோஷமாக இருந்திருக்கிறான், அதை அவளிடமிருந்தே ஒளித்திருக்கிறான். பொய்யைவிட அதுதான் அதிகம் வலித்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அவன் கணக்குத் தப்பவில்லை. பதினொன்றாம் தேதி கடிதாசியை மேஜையில் வைத்து, லிபோரியோ கடையில் மாவு பிசையப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால், அவள் என்ன செய்திருப்பாள்? தட்டிக் கொடுத்திருப்பாளா? க்ளோத்தில்தேயின் ஜன்னலுக்கு நேர் கீழேவா என்றுதான் முதலில் கேட்டிருப்பாள்.

இதை ஒத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விடலாம். போ என்ற வார்த்தையும் இதோ, நாக்கு நுனியில் திரும்ப வந்துவிட்டது.

"வெட்கப்பட்டிருப்பேன்," என்றாள்.

சபாத்தினோ நிமிர்ந்தான்.

"நீ சொல்லியிருந்தா நான் வெட்கப்பட்டிருப்பேன். வீட்டுல ஒரு மாசம் ரகளை பண்ணியிருப்பேன். உன் அக்காவுக்குப் போன் பண்ணி அழுதிருப்பேன். இதை யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு நானே உன்னைப் பின்வாசல் வழியா அனுப்பியிருப்பேன்." அவள் கன்னத்தில் வழிந்ததைக் காகித நாப்கினால் துடைத்துக்கொண்டாள். க்ளோத்தில்தே பார்த்தால் பார்க்கட்டும். "ரொக்கோவை அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது தப்பு. ஆனா நீ பண்ணினதும் தப்புதான். ஒரு பொய் இல்ல அது. தினம் காலையில ஏழரை மணிக்கு ஒண்ணு."

"ஆமா," என்றான் அவன். சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

எர்சிலியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கடையில் கத்தி, முள்கரண்டிச் சத்தம் நின்றது.

"தோன் லிபோரியோ, நாளைக்குச் சாயங்காலம் மாவு யாரு பிசையறது?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"நீங்க பிசைய வேண்டாம். ஊர்ல ஒருத்தருக்கும் பல்லு மிஞ்சாது." அவள் க்ளோத்தில்தேயின் மேஜைப் பக்கம் திரும்பினாள். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. வேண்டியதற்கு மேல் ஒரு சுற்றுக் கூட்டியே குரல் வந்தது. "என் புருஷன் பிசைவான். இந்தக் கடையில மாவு பிசையறது என் புருஷன். நாளைலேர்ந்து முன்வாசல் வழியா வருவான்."

"ரொம்ப நல்லது," என்றாள் க்ளோத்தில்தே. தொப்பி ஒருமுறை அசைந்தது. "என் பல்லு ஏற்கெனவே ஆடுது."

யாரோ சிரித்தார்கள். லிபோரியோ அடுப்பைப் பார்த்துத் திரும்பி, மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சபாத்தினோவின் கை மேஜைமேல் அவள் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "அப்ப ஜெர்மனிக்குப் போக வேண்டாம். நாளைக்கு நான் வீட்டுக்கு…"

"கடைக்கு வரச் சொன்னேன். வீட்டுக்கு வரச் சொல்லலை."

அவன் கை அப்படியே நின்றது.

"இருபத்தொன்பது வருஷம் படகுச் சீட்டுக் குடுக்கிற ஒருத்தனோட குடித்தனம் பண்ணினேன்," என்றாள் எர்சிலியா. இப்போது குரல் அவனுக்கு மட்டும் கேட்டது. "அவனை எனக்குத் தெரியும். மாவு பிசையற இந்த ஆளை எனக்குத் தெரியாது, சபாத்தினோ. தெரிஞ்சப்புறம் சொல்றேன்."

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். சபாத்தினோ ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்திருந்தான். கிழிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் அதில் போட்டிருந்த நாளை மதிய நேரத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்து, மறுபடி சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.